ரீசெட்டின் மேல் ஒரு கோடு: தாழ்நிலைச் சிக்னல்களைச் சுற்று வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 நுண்செயலிக்கு 40 கால்கள். அடுத்த ஆண்டு வந்த 8088-க்கும் 40 கால்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை இரண்டிலும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்கின்றன. 28-ஆம் கால், மினிமம் மோட் எனப்படும் எளிய அமைப்பில், செயலி இந்த நொடியில் பேசுவது நினைவகத்தோடா அல்லது உள்ளீட்டு வெளியீட்டுக் கருவிகளோடா என்பதைச் சொல்லும். 8086-இல் அந்தக் கால் உயர்நிலையில் நின்றால் நினைவகம், தாழ்நிலையில் நின்றால் கருவி. 8088-இல் நேர்மாறு. பழைய 8085-இன் சுற்றுகளோடு ஒத்துப்போகட்டும் என்று வேண்டுமென்றே திருப்பி வைத்தார்கள். சுற்று வரைபடத்தில் இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் சுமப்பது ஒரு சிறு கோடு. 8086-இல் 'எம்/ஐ.ஓ.' என்று எழுதி ஐ.ஓ. என்பதன் தலையில் கோடு போடுவார்கள், 8088-இல் 'ஐ.ஓ./எம்' என்று எழுதி எம் என்பதன் தலையில் போடுவார்கள். எம் என்றால் நினைவகம், ஐ.ஓ. என்றால் உள்ளீடு வெளியீடு; கோடு உள்ள சொல்லுக்கு உரியது தாழ்நிலை. நகலெடுத்து நகலெடுத்துக் கோடு மங்கிப்போன தாளில் மிஞ்சுவது சொற்களின் வரிசை மட்டும். அதை வைத்து ஊகிக்கலாம். ஊகத்தை நம்பிச் சுற்றுப்பலகை செய்யக் கூடாது.

டிஜிட்டல் சுற்றில் ஒரு கம்பி இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: உயர்நிலை அல்லது தாழ்நிலை, தொழிலில் புழங்கும் சொல்லில் ஹை அல்லது லோ. அந்தக் கம்பிக்கு ஒரு வேலையும் உண்டு. ஒரு சிப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கவைப்பது (ரீசெட்), பல நினைவகச் சிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, 'என்னைக் கவனி' என்று செயலியை அழைப்பது (இன்டரப்ட்) போன்றவை. அந்த வேலை உயர்நிலையில் நடந்தால் அது ஆக்டிவ் ஹை சிக்னல். தாழ்நிலையில் நடந்தால் ஆக்டிவ் லோ. புதிதாகக் கற்பவர்கள் 'லோ' என்ற சொல்லைக் கேட்டதும் 'அணைந்திருக்கிறது' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுகள் பழகியவர்களும் களைத்துப்போன நேரத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே எந்தச் சிக்னல் எந்த நிலையில் வேலை செய்யும் என்பதை நினைவாற்றலிடம் விடாமல் வரைபடமே சொல்லிவிட வேண்டும்.

ஏன் தாழ்நிலை?

எல்லாச் சிக்னல்களையும் உயர்நிலையில் வேலை செய்யவைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காதே என்ற கேள்வி நியாயமானது. தாழ்நிலைக்கு வலுவான காரணங்கள் இருந்தன. சில இன்றும் இருக்கின்றன.

1960-களில் பரவிய டி.டி.எல். வகை ஐ.சி.களை, அதாவது 7400 வரிசையை, எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டுக் கால் தாழ்நிலையில் 16 மில்லிஆம்பியர் வரை உள்வாங்கும் என்று உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. உயர்நிலையில் வெளியே தருவதற்கு உறுதி 0.4 மில்லிஆம்பியர் மட்டும். நாற்பதில் ஒரு பங்கு. உள்ளீட்டுக் காலோ, எங்கும் இணைக்காமல் விட்டால் உயர்நிலையில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். அதைத் தாழ்நிலைக்குக் கொண்டுவர 1.6 மில்லிஆம்பியர் வரை இழுத்துத் தரையில், அதாவது சுழி வோல்ட் கம்பியில், விட வேண்டும். ஆக, அந்தக் குடும்பத்தில் உயர்நிலை என்பது ஓய்வு. தாழ்நிலை என்பது ஒருவர் முயன்று செய்யும் செயல். ஓர் எல்.இ.டி.யை எரியவைக்க வேண்டும் என்றால்கூட, 0.4 மில்லிஆம்பியரைத் தள்ளிப் பார்ப்பதைவிடக் கீழ்நோக்கி இழுப்பதே வழி.

டி.டி.எல்.-ஐ அடுத்துப் பரவிய சீமாஸ் வகை ஐ.சி.கள் வந்த பிறகு இந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் இரண்டாவது காரணம் மறையவில்லை. ஒரே மணியின் கயிற்றைப் பலர் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். யார் இழுத்தாலும் மணி அடிக்கும். இருவர் ஒன்றாக இழுத்தாலும் சேதமில்லை. ஒரு கம்பியை ஒரு மின்தடையால் மேலே, அதாவது மின்வழங்கலோடு, கட்டிவைத்து, பல சிப்புகளுக்கும் அதைக் கீழே இழுக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால் இதே ஏற்பாடு கிடைக்கிறது. ஓப்பன் கலெக்டர், ஓப்பன் டிரெய்ன் என்று சொல்வது இதைத்தான். பல கருவிகள் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பகிர்ந்துகொள்வதும், பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த ஐ-ஸ்கொயர்-சி பஸ் இரண்டே கம்பிகளில் பல சிப்புகளைப் பேசவைப்பதும் இதனால்தான். சிப்புகள் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இயங்கினாலும் தரை எல்லாருக்கும் பொது. அதனால் தரையை நோக்கி இழுப்பது எல்லாருக்கும் புரியும் மொழியாகிறது.

மூன்றாவது, ரீசெட். மின்சாரம் வரத் தொடங்கும்போது எல்லாக் கம்பிகளும் சுழி வோல்ட்டிலிருந்துதான் புறப்படுகின்றன. ரீசெட் தாழ்நிலையில் செயல்படுமானால், முதல் நொடியிலிருந்தே சிப் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். வழங்கும் மின்னழுத்தம் நிலைபெற்ற பிறகு விடுவித்தால் போதும். இதற்கு விலக்கும் உண்டு. 8051 மைக்ரோகண்ட்ரோலரின் ரீசெட் உயர்நிலையில் செயல்படுவது. அதனால்தான் அதன் பழைய சுற்றுகளில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மேலேயும் மின்தடை கீழேயும் இருக்கும். ஏ.வி.ஆர். மைக்ரோகண்ட்ரோலரில் ரீசெட் தாழ்நிலையில் செயல்படும். மின்தடை மேலேயும் மின்தேக்கி கீழேயும் இருக்கும். ஒன்றில் பழகிய கை மற்றதை வரையும்போது இரண்டும் இடம் மாறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெயர் வேறு, குறி வேறு

ஒரு சிக்னலின் பெயரில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் செய்தி: இந்தக் கம்பி செயல்படும்போது என்ன நடக்கும்? இரண்டாவது: அது எந்த மின்னழுத்தத்தில் நடக்கும்? முதலாவதைச் சொல்ல வேண்டியது சொல். இரண்டாவதைச் சொல்ல வேண்டியது குறி. இரண்டையும் போட்டுக் குழப்பும்போதுதான் தவறு பிறக்கிறது.

ஷட்டவுன் என்று பெயர், அதன் மேல் கோடு. மின்னழுத்தச் சீராக்கிச் சிப்புகளில் அடிக்கடி பார்க்கும் கால் இது. எப்படிப் படிப்பது? சொல்லை முதலில் படியுங்கள்: செயல்பட்டால் சிப் அணையும். பிறகு குறியைப் படியுங்கள்: தாழ்நிலையில் செயல்படும். எனவே தாழ்நிலையில் அணையும், உயர்நிலையில் ஓடும். கோட்டை 'இல்லை' என்று படிப்பவர் 'ஷட்டவுன் இல்லை' என்று மொழிபெயர்த்து, அது எந்த நிலையைக் குறிக்கிறது என்று தெரியாமல் நடுவழியில் நின்றுவிடுவார். மேற்கோடு இலக்கணத்தின் எதிர்மறை இல்லை. மின்னழுத்தத்தின் முகவரி.

இதே பெயர், எதிர் நிலை என்பதற்கு நினைவகச் சிப்புகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 24 வரிசை ஐ-ஸ்கொயர்-சி ஈ.ஈ.ப்ரம் (EEPROM) சிப்புகளில் ரைட் ப்ரொடெக்ட் கால் உயர்நிலையில் இருந்தால் எழுத முடியாது. 25 வரிசை எஸ்.பி.ஐ. சிப்புகளில் அதே பெயருள்ள கால் தாழ்நிலையில் இருந்தால்தான் பாதுகாப்பு. இரண்டும் எட்டுக் கால் சிப்புகள். இரண்டும் ஒரே பலகையில் அருகருகே உட்காரக்கூடியவை. வரைபடத்தில் இரண்டையும் 'ரைட் ப்ரொடெக்ட்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர், தனக்குப் பின் வருபவருக்குக் குழி வெட்டிவிட்டுப் போகிறார்.

குறிகளின் கூட்டம்

தாழ்நிலையைக் காட்டத் தொழில் உலகம் ஒரே குறியை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. மேற்கோடுதான் மூத்தது, கணிதத் தர்க்கத்திலிருந்து வந்தது, கையால் வரைய எளியது. தட்டச்சில் அதை அடிக்க முடியாததால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்றைக் கண்டுபிடித்தது. பி.டி.பி.-11 கணினிகளைச் செய்த டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் சிக்னல் பெயருக்குப் பின்னால் இடைவெளி விட்டு 'எச்' அல்லது 'எல்' என்று எழுதியது. அதாவது ஆக்டிவ் ஹை சிக்னலுக்கும் குறி உண்டு. குறியில்லாத சிக்னல் என்றால் எழுத மறந்த சிக்னல். இதுவரை வந்த முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்ற எல்லா முறைகளிலும், குறி இல்லை என்றால் 'உயர்நிலை' என்பதா 'கவனிக்கவில்லை' என்பதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஐ.பி.எம். தன் தனிக்கணினிக் கையேடுகளில் பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டது. பி.சி.ஐ. பஸ் பெயருக்குப் பின் # போடுகிறது. வி.எம்.இ. பஸ் நட்சத்திரக் குறி போட்டது. வேறு பலர் முன்னாலோ பின்னாலோ சாய்கோடு போட்டார்கள். ஆர்ம் செயலிகளின் இன்டரப்ட் கால்களுக்குப் பெயரின் முன் சிறிய 'என்' எழுத்து. அதே நிறுவனத்தின் ஆம்பா பஸ்ஸில் ரீசெட்டுக்குப் பெயரின் பின் சிறிய 'என்'. ஸைலிங்ஸ் சிப்புகளில் கோட்டைக் குறிக்கும் 'பார்' என்பதன் முதல் எழுத்தாக '_பி' (_B). இவை எல்லாம் இன்றும் ஒரே மேசையில், சில நேரம் ஒரே வரைபடத்தில் சேர்ந்து கிடக்கின்றன.

இவற்றில் எது நல்லது என்பதை அழகை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு சிக்னலின் பெயர் வரைபடத்தோடு நிற்பதில்லை. அது எந்தக் கால் எந்தக் கம்பியில் என்று சொல்லும் பட்டியலான நெட்லிஸ்ட்டுக்குப் போகிறது, சுற்றுப்பலகை வடிவமைப்புக்குப் போகிறது, வன்பொருளை விவரிக்கும் மொழிகளான வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். நிரலுக்குப் போகிறது, சி மொழியில் எழுதிய நிரலுக்குப் போகிறது, சோதனைக்கூடத்தில் ஒருவர் தயாரிக்கும் அட்டவணைக்கும் போகிறது. இத்தனை வாசல்களையும் உருமாறாமல் தாண்டுகிற குறிதான் நல்ல குறி.

அந்தச் சோதனையில் மேற்கோடு தோற்றுவிடுகிறது. அது எழுத்து இல்லை, அலங்காரம். ஒவ்வொரு வரைபட மென்பொருளும் அதைத் தனக்குத் தெரிந்தபடி மறைத்து எழுதுகிறது. கைகேட் ஆறாம் பதிப்பிலிருந்து அலைக்குறியும் நெளிவு அடைப்பும் போட்டு அதற்குள் பெயரை எழுதச் சொல்கிறது; அதற்கு முந்தைய பதிப்புகளில் பெயரின் இரு பக்கமும் அலைக்குறி. ஈகிளில் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. ஆர்கேடில் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு பின்சாய்கோடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரைபடத்தை மாற்றும்போது இந்தக் குறிகள் குப்பை எழுத்துகளாக மாறலாம், அல்லது உதிர்ந்துபோகலாம். உதிர்வதுதான் பயங்கரம். உயர்நிலையைத் தாழ்நிலையாகவும் தாழ்நிலையை உயர்நிலையாகவும் திருப்பும் இன்வெர்ட்டர் ஒன்றின் இரு பக்கமும் ஒரே பெயர், ஒரு பக்கம் மட்டும் கோடு என்று வைத்திருந்தால், கோடு உதிர்ந்ததும் இரண்டு கம்பிகளுக்கும் பெயர் ஒன்றாகிவிடும். ஒரே பெயருள்ள கம்பிகளை மென்பொருள் ஒன்றாக இணைத்துவிடும். இன்வெர்ட்டரின் உள்ளீடும் வெளியீடும் செம்பால் ஒட்டிக்கொண்ட பலகை அச்சாகி வரும்.

மற்றக் குறிகளும் ஒவ்வொரு வாசலில் தடுக்கி விழுகின்றன. # என்பது வெரிலாக்கில் கால தாமதத்தைக் குறிக்கும். பல நிரல் மொழிகளில் அதற்குப் பின் வருவது வெறும் குறிப்பு என்று தள்ளிவிடப்படும். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருள் அந்த வரியையே படிக்காது. கழித்தல் குறியோடு தொடங்கும் பெயரை அட்டவணை மென்பொருள் கணக்கென்று எடுத்துக்கொள்ளும். சாய்கோடு கோப்பின் பாதையைப் பிரிக்கும் குறி; வரைபட மென்பொருள்களில் உட்தாள்களைப் பிரிப்பதும் அதுவே. போதாக்குறைக்கு, ஒரே கால் இரண்டு வேலை செய்யும்போது அந்த இரண்டு பெயர்களின் நடுவிலும் சாய்கோடுதான் வருகிறது.

எஞ்சுவது எழுத்தும் அடிக்கோடும். பெயருக்குப் பின்னால் '_என்' அல்லது '_எல்'. எந்த மொழியும் எந்த மென்பொருளும் இதைத் தடுப்பதில்லை. முன்னால் போடுவதைவிடப் பின்னால் போடுவதே மேல் என்பது என் கருத்து. அகரவரிசையில் அடுக்கும்போது ரீசெட்டும் அதன் தாழ்நிலை வடிவமும் அடுத்தடுத்து நிற்கும். முன்னால் 'என்' போட்டால் எல்லாத் தாழ்நிலைச் சிக்னல்களும் அந்த எழுத்தின் கீழ் போய்க் குவியும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் மென்பொருளில் அந்த 'என்' குறியா, சொல்லின் பகுதியா என்பதும் தெரியாமல் போகும். என்.எம்.ஐ. என்ற பெயரைப் பாருங்கள். மறைக்க முடியாத இன்டரப்ட் என்பதன் சுருக்கம் அது. முதல் எழுத்துக்கும் தாழ்நிலைக்கும் தொடர்பே இல்லை. 6502 செயலியில் அந்தக் கால் தாழ்நிலைக்கு இறங்கும்போது செயல்படும். 8086-இல் உயர்நிலைக்கு ஏறும்போது செயல்படும்.

'_என்' குறிக்கும் ஒரு போட்டி உண்டு. அதிவேகச் சிக்னல்களை இரட்டைக் கம்பியில் அனுப்பும்போது நேர்க்கம்பிக்கு '_பி' (_P), எதிர்க்கம்பிக்கு '_என்' என்று முடிப்பது வழக்கம். வடிவமைப்பு மென்பொருள்கள் இந்த முடிவைப் பார்த்தே இரண்டையும் இணையாகச் சேர்க்கின்றன. அந்த வகைக் கம்பிகள் நிறைந்த பலகையில் 'கிளாக்_என்' என்று பார்த்தால் இணையின் எதிர்க்கம்பி என்றுதான் படிப்பார்கள். அத்தகைய பலகைகளில் நான் தாழ்நிலைக்கு '_எல்' பயன்படுத்துகிறேன். மற்றப் பலகைகளில் '_என்'. ஒரே பலகையில் இரண்டையும் கலப்பதில்லை. 'பார்' என்பதிலிருந்து வந்த '_பி' (_B) குறியை விட்டுவிடுவதே நல்லது. அது இரண்டாம் சேனல், தாழ்நிலை என்று இரண்டு வழியில் படிக்கப்படும்.

மேற்கோட்டை ஒழித்துவிடச் சொல்லவில்லை. ஐ.சி.யின் சின்னத்துக்குள் காலின் பெயரை, சிப் செய்தவர் தரும் விவரத்தாளான டேட்டா ஷீட்டில் உள்ளபடியே கோட்டோடு எழுதுங்கள். டேட்டா ஷீட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது உதவும். கம்பிக்கு நீங்கள் வைக்கும் பெயர் மட்டும் எழுத்துக்குறியோடு இருக்கட்டும். காலின் பெயர் சிப் செய்தவருடையது, கம்பியின் பெயர் உங்களுடையது.

சிறு வட்டங்கள்

ஆண்ட், ஆர் போன்ற தர்க்க வேலையைச் செய்யும் சிறு சுற்றுகளான கேட்டுகளின் சின்னத்தில், மூக்கில் இருக்கும் சிறு வட்டத்தை 'தலைகீழாக்கு' என்ற கட்டளையாகவே பாடப்புத்தகங்கள் கற்றுக்கொடுக்கின்றன. வரைபடம் படிப்பவருக்கு இன்னும் பயனுள்ள பொருள் ஒன்று உண்டு: 'இந்த இடத்தில் செயல்நிலை தாழ்நிலை'. அப்படிப் படிக்கத் தொடங்கினால் வரைபடம் பேசத் தொடங்கும்.

8085 பலகைகளில் நினைவகத்தைப் படிக்கும் சிக்னலை உருவாக்க 7432 ஆர் கேட் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். ஓர் உள்ளீடு ரீட். அது தாழ்நிலையில் செயல்படும். மற்றொன்று 'ஐ.ஓ./எம்', தாழ்நிலையில் இருந்தால் நினைவகம். இரண்டும் தாழ்நிலையில் இருந்தால் மட்டுமே ஆர் கேட்டின் வெளியீடு தாழ்நிலைக்கு வரும். சுற்றின் நோக்கத்தை வாயால் சொன்னால் எப்படி வரும்? 'படிக்க வேண்டும், அதுவும் நினைவகமாக இருக்க வேண்டும்.' இது 'அதுவும்' என்ற உறவு, ஆண்ட். ஆனால் வரைபடத்தில் ஆர் கேட்டின் வளைந்த முதுகு நிற்கிறது. படிப்பவர் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் உண்மை அட்டவணை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லா உள்ளீடுகளையும் வெளியீட்டையும் திருப்பினால் ஆர் ஆண்டாகும் என்று சொல்லும் டி மார்கன் விதிப்படி, அதே 7432-ஐ ஆண்ட் கேட்டின் உருவத்தில், இரண்டு உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் சிறு வட்டங்களோடு வரையலாம். சிப் மாறவில்லை, செம்பு மாறவில்லை. ஆனால் வட்டமுள்ள உள்ளீடுகளுக்குத் தாழ்நிலைக் குறியுள்ள கம்பிகள் வந்து சேர்கின்றன; வட்டமுள்ள வெளியீட்டிலிருந்து தாழ்நிலைக் குறியுள்ள கம்பி கிளம்புகிறது; நடுவில் உள்ள உருவம் 'இதுவும் அதுவும்' என்று நேராகச் சொல்கிறது. இரண்டு தாழ்நிலை இன்டரப்ட்களைச் சேர்க்கும் 7400 நாண்ட் கேட்டுக்கும் இதேதான். அதை உள்ளீடுகளில் வட்டமிட்ட ஆர் உருவமாக வரைந்தால் 'இது அல்லது அது வந்தால் வெளியீடு உயரும்' என்று கண்ணுக்கே தெரியும்.

இதில் பின்பற்றும் விதி சின்னது. வட்டம் இருக்கும் முனையில் தாழ்நிலைக் குறியுள்ள பெயர், வட்டம் இல்லாத முனையில் குறியில்லாத பெயர். எங்காவது பொருந்தவில்லை என்றால் அது வேண்டுமென்றே செய்ததாகவோ தவறாகவோ இருக்கும். இரண்டிலும் கண் அங்கே நின்றுவிடும். மென்பொருளின் நூலகத்தில் பல கேட்டுகளுக்கு இந்த மாற்று உருவம் தயாராகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

1984-இல் வந்த ஐ.இ.இ.இ. 91 தரநிலை இன்னும் நுட்பமாகப் போய், தர்க்க மறுப்புக்குச் சிறு வட்டமும் மின்னழுத்த நிலைக்குச் சிறு முக்கோணமும் என இரண்டு தனிக் குறிகளைத் தந்தது. சிந்தனை அருமையானது. அந்த முக்கோணத்தைச் சில பழைய டேட்டா ஷீட்களில் பார்க்கலாம். நடைமுறையில் வட்டமே வென்றது. அதே தரநிலையின் பார்வையில், சின்னத்தின் உள்ளே எழுதும் பெயர் உள் வேலையைக் குறிக்கும். வெளியே உள்ள வட்டம் நிலையைக் குறிக்கும். காலில் வட்டமும் போட்டு உள்ளே பெயருக்குக் கோடும் போட்டால் கண்டிப்பான வாசகர் அதை இருமுறை திருப்பியதாகப் படிக்கலாம். பல டேட்டா ஷீட்கள் இரண்டையும் போடுகின்றன, பெரும்பாலோர் ஒருமுறையாகவே படிக்கிறார்கள். ஆனால் நீங்களே உருவாக்கும் சின்னங்களில் ஏதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டரைத் தாண்டும் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு பலகையில் மைக்ரோகண்ட்ரோலர் ஒரு மோட்டாரை ஓட்ட வேண்டும். மோட்டார் இயக்கியின் எனேபிள் கால் தாழ்நிலையில் செயல்படுவது. நடுவில் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் ஒன்று இன்வெர்ட்டராக இருந்தது. மைக்ரோகண்ட்ரோலர் உயர்நிலை தந்தால் மாஸ்ஃபெட் கடத்தும், இயக்கியின் கால் தரைக்கு இழுபடும், மோட்டார் ஓடும். மின்சுற்றில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பெயர்கள் இடம் மாறியிருந்தன. மைக்ரோகண்ட்ரோலர் பக்கக் கம்பிக்கு 'மோட்டார்_எனேபிள்_என்', இயக்கி பக்கக் கம்பிக்கு 'மோட்டார்_எனேபிள்'.

நிரல் எழுதியவர் பெயரை நம்பினார். நம்பியது சரியே, பெயர் இருப்பதே நம்புவதற்காகத்தான். இயங்கத் தொடங்கியதும் முதல் வேலையாக மோட்டாரை நிறுத்திவைக்க அந்தக் காலை உயர்நிலைக்கு ஏற்றினார். மேசையில் கட்டாமல் கிடந்த மோட்டார் முழு வேகத்தில் சுழன்று கீழே விழுந்தது. நாங்கள் செய்த பெரிய தவறு அதற்குப் பிறகு வந்தது. வரைபடத்தைத் திருத்தாமல் நிரலைத் திருத்தினோம். 'இது தலைகீழ்' என்று ஒரு குறிப்பு எழுதி முடித்துவிட்டோம். அடுத்த வடிவத்தில் மாஸ்ஃபெட்டை நீக்கினார்கள், பெயரை அப்படியே வைத்தார்கள். இப்போது பெயர் தற்செயலாகச் சரியாகிவிட்டது, நிரலில் இருந்த குறிப்பு பொய்யாகிவிட்டது. மோட்டார் மறுபடியும் விழுந்தது.

ஆகவே பெயர் இன்வெர்ட்டரைத் தாண்டும்போது குறி மாற வேண்டும், சொல் மாறக் கூடாது. இரு பக்கமும் 'மோட்டார்_எனேபிள்' என்ற சொல் இருக்கட்டும். எந்தப் பக்கம் தாழ்நிலையோ அந்தப் பக்கம் மட்டும் '_என்'. ஆர்.எஸ்.-232 இணைப்பில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. தர்க்க மின்னழுத்தப் பக்கத்தில், 'அனுப்பலாமா', 'அனுப்பலாம்' என்று சொல்லும் ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். இரண்டும் தாழ்நிலையில் செயல்படுபவை. மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சிப் அவற்றைத் திருப்பிவிடுகிறது. கேபிள் பக்கத்தில் அவை நேர் மின்னழுத்தத்தில், அதாவது 3 முதல் 15 வோல்ட் வரை, செயல்படுகின்றன. இரு பக்கமும் ஒரே பெயர் வைத்த வரைபடங்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். ஆசிலோஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேபிளில் நிற்பவருக்கு எது சரியான நிலை என்று அந்தப் பெயர் சொல்வதில்லை.

அந்த மோட்டார் பலகையில் ஒரு சாட்சி இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்களின் கால்கள் ரீசெட்டின்போது மிதக்கும். அந்த நேரத்தில் கம்பி எங்கே நிற்கும் என்பதை ஒரு மின்தடைதான் முடிவு செய்கிறது. எங்கள் பலகையில் மாஸ்ஃபெட்டின் கேட்டை ஒரு மின்தடை தரைக்கு இழுத்துவைத்திருந்தது. அந்தக் கம்பியின் பெயரிலோ '_என்' இருந்தது. பெயர் சொன்னது: தாழ்நிலையில் மோட்டார் ஓடும். மின்தடை சொன்னது: ஓய்வில் தாழ்நிலை. இரண்டையும் சேர்த்தால், மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓட வேண்டும் என்று யாரோ விரும்பியதாக ஆகிறது. யாரும் விரும்பவில்லை. தாழ்நிலைச் சிக்னலை மேலே இழுக்கும் மின்தடையும், உயர்நிலைச் சிக்னலைக் கீழே இழுக்கும் மின்தடையும் இயல்பானவை. எதிராக இருந்தால் அதற்குக் காரணம் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்தைச் சரிபார்க்கும்போது இப்போது நான் முதலில் செய்வது இந்த ஒப்பீடுதான்.

இரண்டு வேலை செய்யும் கம்பிகள் தனிச் சிக்கல். ஆர்.எஸ்.-485 இணைப்பில் பயன்படும் மேக்ஸ்485 சிப்பில் அனுப்பும் பகுதியை இயக்கும் கால் உயர்நிலையில் செயல்படும், வாங்கும் பகுதியை இயக்கும் கால் தாழ்நிலையில் செயல்படும். பெரும்பாலும் இரண்டையும் ஒரே கம்பியில் கட்டிவிடுவார்கள். உயர்த்தினால் அனுப்பும், தாழ்த்தினால் கேட்கும். அந்தக் கம்பிக்கு 'திசை' என்று பெயர் வைத்தால் எந்தத் திசை என்ற கேள்வி எஞ்சும். இரண்டு கால்களின் பெயரையும் சாய்கோட்டால் ஒட்டவைத்தால் படிப்பவர் டேட்டா ஷீட்டைத் தேடி ஓட வேண்டும். ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து 'அனுப்பு_எனேபிள்' என்று வைத்தால், குறி இல்லாததால் உயர்நிலை, சொல்லால் அனுப்புதல். வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

கடைசி வாசல் நிரல். லினக்ஸ் கெர்னலில் பலகையின் வன்பொருளையும் கால்களையும் விவரிக்கும் கோப்பான டிவைஸ் ட்ரீயில் ஒரு காலைப் பற்றி அது ஆக்டிவ் லோ என்று ஒருமுறை குறித்துவிட்டால், அதன் பிறகு, காலைக் கையாளக் கெர்னல் தரும் ஜி.பி.ஐ.ஓ. டிஸ்கிரிப்டர் வழியாக 1 என்று எழுதினால் 'செயல்படுத்து' என்று பொருள். கெர்னலே கம்பியைத் தாழ்நிலைக்கு இறக்கும். பெயரும் குறியும் பிரிந்து நிற்கும் அதே ஒழுங்கு இங்கேயும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் '_என்' இருப்பதைப் பார்த்த நிரலாளர் டிவைஸ் ட்ரீயிலும் குறித்து, நிரலிலும் 0 எழுதித் திருப்பினால் இரண்டு திருப்பங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே நிரலில் அந்த மாறிக்குப் பெயர் வைக்கும்போது '_என்' குறியை விட்டுவிடுவது நல்லது. அங்கே இருப்பது செயல். மின்னழுத்தம் டிவைஸ் ட்ரீயிலேயே நின்றுவிட்டது.

இவ்வளவுக்கும் வரைபடத்தின் முதல் தாளில் ஓர் ஓரம் போதும். இந்த வரைபடத்தில் தாழ்நிலைக் குறி எது என்று ஒரு வரி. அதன் கீழ் ரீசெட், எனேபிள், இன்டரப்ட், ரைட் ப்ரொடெக்ட் கம்பிகளுக்கு மட்டும் ஒரு சிறு அட்டவணை: கம்பியின் பெயர், செயல்படும் நிலை, மின்சாரம் வந்ததும் இருக்கும் நிலை, அந்த நிலையில் பிடித்துவைக்கும் மின்தடையின் எண்.